மறைந்த படமும் மறைந்து வந்தவனும்

தமிழ் இலக்கிய வரலாற்றைப் பயில்வோர், கண்ணாற் காணாத நூல்களைப் பற்றிப் பேசுவதற்கு முதலாம் ஆண்டிலேயே பழகிவிடுகின்றனர். குண்டலகேசி முழுமையாகக் கிடைக்கவில்லை, வளையாபதியும் அவ்வாறே. எனினும் ஐம்பெருங்காப்பியம் என்று எண்ணும்போது அவ்விரண்டையும் விட்டு எவரும் எண்ணுவதில்லை. குண்டலகேசியின் வாதங்களை அறிய எமக்குப் பெரிதும் துணைநிற்பது, அதனை மறுப்பதற்கென்றே எழுந்த நீலகேசியும் அதன் உரையுமாகும். புறத்திரட்டைத் தொகுத்தவர் சில செய்யுள்களைக் காத்துத் தந்தார். எதிரி ஒருவனும் தொகுப்பாளன் ஒருவனுமாக ஒரு காப்பியத்தின் நிழலை எமக்கு விட்டுச்சென்றனர் எனலாம். ஏடுகளைப் புரட்டும்போதே அவை ஒடிந்து உதிர்வதைக் கண்டு சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை வருந்தி எழுதியவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இழப்பின் துக்கம் புதிதன்று. அத்துக்கத்தைச் சற்று அடக்கிக்கொண்டு, இழந்த பொருளை மதிப்பிடும் முறைதான் எமக்கு இன்னும் கைவரவில்லை.

ஏடுகளுக்கு நேர்ந்தது திரைப்படங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஏட்டுக்கு வயது நூற்றுக்கணக்கான ஆண்டுகள். படச்சுருளுக்கோ அதுவும் இல்லை. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட செலுலோசு நைத்திரேற்றுச் சுருள் எளிதில் தீப்பற்றுவது. தீப்பற்றாவிடினும் நாளடைவிற் பிசுபிசுத்து, பொடியாகிக் கெடுவது. கெடாதவற்றையும் வெள்ளிக்காக உருக்கிவிட்டார்கள். இக்கட்டுரை அவ்வாறு மறைந்துபோன ஒரு பிரித்தானியப் படத்தையும், அதே போர்க்காலத்திலே தமிழில் எழுந்த இரண்டொரு படங்களையும் ஒருசேர வைத்து நோக்க முற்படுகின்றது. பார்க்காத படத்துக்கு விமரிசனமா என்று கேட்போர் இருப்பர். குண்டலகேசியைப் பற்றி வினாத்தாளில் வினா வரும்போது அவர்கள் விடை எழுதாது விட்டார்களா என்று திருப்பிக் கேட்கலாமாயினும், அது வெறும் வாய்ச்சாமர்த்தியமாகவே முடியும். அவர்களது ஐயத்தில் நியாயம் உண்டு. அதற்குப் பின்னர் வருவேன்.

பிரித்தானியப் படத்தின் பெயர் ‘ஸ்குவாட்றன் லீடர் எக்ஸ்’. 1943இல் வெளியானது. லான்ஸ் கம்ஃபேட் நெறியாள்கை செய்தார். எறிக் போட்மன் கதைத்தலைவனாகவும், ஆன் டுவோறாக் என்ற அமெரிக்க நடிகை தலைவியாகவும் நடித்தனர். மூலக்கதை எமெரிக் பிறெஸ்பேர்கர் எழுதியது. திரைக்கதையை வொல்ஃப்காங் வில்ஹெல்மும் மைல்ஸ் மல்லெசனும் அமைத்தனர். பிரித்தானியத் திரைப்பட நிறுவகம் தான் தேடும் படங்களுள் மிக முக்கியமானவை என 75 படங்களைப் பட்டியலிட்டு 2010இல் வெளியிட்டது. அப்பட்டியலில் இதுவும் ஒன்று.

கதையின் எலும்புக்கூடு இதுவாகும். ஜேர்மனிய விமானி ஒருவன் பிரித்தானிய விமானப்படைச் சீருடை அணிந்து, ஜேர்மனியர் வசப்பட்ட பெல்ஜியத்தில் பரகுடையிற் குதிக்கிறான். பொதுமக்கள் மீது குண்டு வீசியவர்கள் பிரித்தானியரே என்று அந்நாட்டவரை நம்பச்செய்து, அவர்களது அன்பை வெறுப்பாக மாற்றுவதே திட்டம். ஆனால், அவனைக் கண்ட பெல்ஜியர்கள் அவனை வெறுக்கவில்லை, ஒளித்து வைக்கிறார்கள். நண்பன் ஒருவன் வானத்திலிருந்து விழுந்துவிட்டான், அவனை எப்படியும் வீடு சேர்க்கவேண்டும் என்று இரகசிய வழிகளிற் கடத்தி, இங்கிலாந்துக்கே அனுப்பிவிடுகிறார்கள். உளவுக்கு வந்தவன், தான் ஏய்க்க வந்த மக்களின் கருணையாலே பகைவர் நாட்டின் நடுவிற் கொண்டுபோய் விடப்படுகிறான். பிறகு இலண்டனில் பழைய தொடர்புகளைத் தேடி அலைவதும், எதிர்உளவுத் துறையினர் அவனைத் துரத்துவதும் இவ்வகைப் படங்களின் வழமையான ஓட்டம். ஓட்டத்தின் விறுவிறுப்பு ஒளிப்பதிவாலும் படத்தொகுப்பாலும் உண்டாவது. சுருள் கைக்கு வராமல் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்வதற்கில்லை. நான் பேச விரும்புவது முற்பகுதியைப் பற்றியே. அங்கே உள்ள கருத்து, படம் அழிந்த பின்னரும் அழியாது நிற்கிறது.

அக்கருத்தின் வலிமையை உணர்வதற்கு இன்னொரு படத்தை அருகில் வைக்கவேண்டும். நல்வாய்ப்பாக அது அழியவில்லை. முந்திய ஆண்டில், 1942இல், மைக்கல் பவலும் அதே பிறெஸ்பேர்கரும் சேர்ந்து ‘வன் ஒஃப் அவர் எயார்கிறாஃப்ட் இஸ் மிஸ்ஸிங்’ என்ற படத்தை ஆக்கினர். குண்டுவீச்சு விமானமொன்றைக் கைவிட்டு ஒல்லாந்திற் குதித்த பிரித்தானிய விமானிகளை அந்நாட்டு மக்கள் ஒளித்து வைத்துக் கடல்வழியே தப்ப வைக்கும் கதை அது. அவ்விமானிகளுள் ஒருவராக நடித்தவர் எறிக் போட்மன். அதாவது, ஒரே எழுத்தாளர், ஒரே நடிகர், ஏறத்தாழ ஒரே நிகழ்ச்சிக்கோவை: பகைவர் வசப்பட்ட நாடு, வானிலிருந்து விழுந்த விமானி, அடைக்கலம் கொடுக்கும் மக்கள், கடலைக் கடந்து இங்கிலாந்து. 1942இல் அடைக்கலம் பெற்றவன் மெய்யான விமானி. 1943இல் அடைக்கலம் பெற்றவன் பொய்யன். தான் எழுதிய கதையைப் பிறெஸ்பேர்கர் கையுறையைப் போல உட்புறம் வெளியாகத் திருப்பியிருக்கிறார்.

இத்திருப்பம் வெறும் சாமர்த்தியமன்று. முதற் படத்தைக் கண்டு நெகிழ்ந்த அதே பார்வையாளர் மறு ஆண்டில் அதே முகத்தைப் பார்க்கிறார். ஒளித்து வைக்கும் பெல்ஜியர்மீது அவருக்குப் பரிவு பிறக்கிறது. அப்பரிவு வீணாகிறதே என்ற பதைப்பும் உடன் பிறக்கிறது. அதே வேளை, துரத்தப்படுபவன் மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற, திரையரங்கின் இருளிற் பிறக்கும் தன்னியல்பான ஆவலும் தலைதூக்குகிறது. போர் நடந்துகொண்டிருந்த நாட்களிற் பகைவனைக் கதையின் நடுவில் நிறுத்தி, பார்வையாளரை அவன் தோளுக்குப் பின்னால் நடக்கவைப்பது துணிவான செயல். போட்மனுக்கு இது புதிதன்று. ‘ஃபோர்ட்டி நைன்த் பரலல்’ (1941) என்ற படத்திற் கனடாவில் அகப்பட்டுத் தப்பியோடும் ஜேர்மனிய நீர்மூழ்கி அதிகாரியாக அவர் நடித்திருந்தார். அப்படத்தின் கதைக்காகவே பிறெஸ்பேர்கர் ஒஸ்கார் பரிசு பெற்றார். ஜேர்மனிய வீரர் பிரித்தானியச் சீருடையில் ஓர் ஆங்கிலக் கிராமத்தினுள் நுழையும் கதையைக் கவல்கன்றி 1942இல் ‘வென்ற் த டே வெல்?’ என்ற படமாக்கினார். ஆனால் அதிற் கிராமத்தவரின் பக்கமே கமரா நிற்கிறது. வேடமிட்டவன் பக்கம் நின்றது மறைந்துபோன படமே.

இப்படத்தை ஆக்கியோர் யாவர் என்பதும் கவனத்துக்குரியது. பிறெஸ்பேர்கர் ஹங்கேரியில் பிறந்த யூதர். பேர்லினிற் படக்கதை எழுதிக்கொண்டிருந்தவர். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்கு ஓடி, 1935இல் இங்கிலாந்தை அடைந்தவர். வில்ஹெல்ம் ஜேர்மனியிலிருந்து வந்தவர். ஒளிப்பதிவாளர் மற்ஸ் கிறீன்பௌமும் அவ்வாறே. 1940இல் இங்கிலாந்து தன்னிடம் அடைக்கலம் புகுந்த ஜேர்மனியரையும் ஒஸ்திரியரையும் பகைநாட்டார் எனக் கொண்டு, ஆயிரக்கணக்கானோரை மான் தீவு முதலிய இடங்களில் முகாமிட்டு அடைத்து வைத்தது. ஹிட்லருக்குத் தப்பி வந்தவரே ஹிட்லரின் ஒற்றராக இருக்கக்கூடும் என்ற அச்சம் அரசை ஆட்டிய காலம் அது. நாவின் உச்சரிப்பொன்றே ஒருவரைக் காட்டிக்கொடுக்கப் போதுமாயிருந்தது. அந்தச் சூழலில் வாழ்ந்தவர்கள், ஆங்கிலேயனாக நடித்து ஆங்கிலேயரிடையே நடமாடும் ஜேர்மனியன் ஒருவனைக் கற்பித்தபோது, தெருவில் தம்மை நோக்கிய கண்களை அவனை நோக்கித் திருப்பிவிட்டார்கள் என்று நான் கருதுகிறேன். இது ஊகந்தான். ஆனால் கதையமைப்பிலிருந்தே பிறக்கும் ஊகம்.

வந்தவன் யார் என்ற வினா தமிழிலக்கியத்துக்கும் அந்நியமானதன்று. நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குச் சென்ற இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான்; கோவூர்கிழார் இடைநின்று பாடி அவனைக் காத்தார். புறநானூற்றின் 47ஆம் பாட்டு அது. புலவனும் ஒற்றனும் ஊர்விட்டு ஊர் நடப்பவர். இருவரையும் வாயிலிற் கண்டு பிரித்தறிய இயலாது. கோவூர்கிழார் இல்லாத உறையூர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வாழ்ந்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. இரவிற் படலையில் தட்டும் ஓசை கேட்டால், தட்டுபவன் அடைக்கலம் கேட்டு வந்தவனா, ஆள்தேடி வந்தவனா என்று எண்ணுவதற்குள் வீட்டிலுள்ள விளக்கு அணைக்கப்பட்டுவிடும். சாக்கினால் முகத்தை மூடிய ‘தலையாட்டி’யின் முன்னால் வரிசையில் நடந்தவர்கள், மறைந்திருக்கும் ஒரு முகத்தின் அசைவில் உயிர் தொங்குவதை அறிவார்கள். உளவுப்படம் என்பது பொழுதுபோக்கின் தாழ்ந்த வகை என்று எமது விமரிசகர் பலர் ஒதுக்கிவிட்டனர். அவ்வகையின் மையத்திலுள்ள அச்சம் இவ்வளவு மெய்யானது என்பதை அவர்கள் எண்ணவில்லை போலும்.

முறையைப் பற்றிய ஐயத்துக்கு இனி வருவோம். மறைந்த படத்தைப் பற்றிய சான்றுகள் எவை? வெளியான காலத்துப் பத்திரிகை மதிப்புரை, நிலைப்படங்கள், விநியோகத்தார் அச்சிட்ட கதைச்சுருக்கம், பார்த்தவர் நினைவு. இவற்றுள் எதை எவ்வளவு நம்புவது? இதற்கு வழி தேடி நான் வெகுதூரம் செல்லவில்லை; திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரத்தையே எடுத்துக்கொண்டேன். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்க வேண்டும் என்றும், ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி ஆளவேண்டும் என்றும், மூவர் சொல் ஒத்தவிடத்தே தெளியலாம் என்றும் வள்ளுவர் அரசனுக்குக் கூறுகின்றார். அரசனுக்குக் கூறியது ஆராய்ச்சியாளனுக்கும் பொருந்தும். மறைந்த படங்களைப் பற்றி எழுதப்படுபவற்றிற் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை. பத்துக் கட்டுரைகளில் ஒரே செய்தி வந்தால் பத்துச் சான்றுகள் உண்டு என்று கொள்கிறோம். தேடிப்போனாற் பத்துக்கும் ஒரு தாய்தான். அங்கே ஒற்றர்கள் ஒருவரையொருவர் நன்றாக அறிந்திருக்கிறார்கள்!

தமிழ்ப் படங்களுக்கு இவற்றோடு இன்னொரு சான்றும் உண்டு. அது பாட்டுப் புத்தகம். கொட்டகை வாசலிற் சில சதங்களுக்கு விற்கப்பட்ட அச்சிறு நூலிற் பாடல்களும் நடிகர் பட்டியலும் கதைச்சுருக்கமும் இருக்கும். 1931இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் சுருள் இன்றில்லை; அதைப்பற்றி எம்மவர் அறிந்தவற்றிற் பெரும்பங்கு பாட்டுப் புத்தகத்தால் வந்தது. ஆயினும் அதன் கதைச்சுருக்கம் ஒரு வஞ்சகமான சான்று. கதை முற்றும் தறுவாயில் அது நின்றுவிடும். எஞ்சியதை வெள்ளித்திரையிற் காணுமாறு அழைக்கும்.

தமிழில் 1945இல் வெளிவந்த ‘பர்மா ராணி’யை இங்கே கொண்டுவர வேண்டியிருக்கிறது. சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸ் தயாரிப்பு, நெறியாள்கை ரி. ஆர். சுந்தரம், தலைவி கே. எல். வி. வசந்தா. யப்பானியர் வசப்பட்ட பர்மாவில் இந்திய விமானப்படையினர் விழுகின்றனர். அவர்களுக்கு அங்குள்ள பெண்ணொருத்தி துணைநிற்கிறாள். ஒல்லாந்தை எடுத்துவிட்டுப் பர்மாவை வைத்தால், ஜேர்மனியரை எடுத்துவிட்டு யப்பானியரை வைத்தால், பிறெஸ்பேர்கரின் 1942ஆம் ஆண்டுக் கதைக்கும் இதற்கும் எலும்பளவில் வேறுபாடில்லை. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்தது என்று நான் கூறவில்லை. விமானங்கள் விழுந்துகொண்டிருந்த உலகில் அக்கதை எங்கும் பிறக்கக்கூடியதே.

ஒப்பிடும்போது தலைப்பிலேயே ஒரு வேறுபாடு தெரிகின்றது. பிரித்தானியப் படத்தின் தலைப்பு வந்தவனுடையது. அதுவும் பெயரில்லாத ‘எக்ஸ்’. தமிழ்ப் படத்தின் தலைப்பு அடைக்கலம் கொடுத்தவளுடையது. பிரித்தானியக் கதையிற் பெல்ஜிய மக்கள் கதையின் முற்பகுதியோடு பின்னே விடப்பட்டுவிடுகின்றனர். தமிழ்ப் படமோ கதவைத் திறந்தவளைப் பட்டத்தரசியாக்கித் தலைப்பிலேயே ஏற்றிவிடுகிறது. விருந்தோம்பலை அறமெனக் கொண்ட மரபு அவ்விடத்தில் தன்னையறியாமலே வேலை செய்திருக்கிறது. ஆனால் பாராட்டு அதோடு நிற்கவேண்டும். வந்தவன் யார் என்ற வினாவை ‘பர்மா ராணி’ எழுப்பவில்லை. அவன் நல்லவன், பகைவன் தீயவன், அவள் துணிந்தவள் என எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கின்றன. முடிவாகிவிட்ட கதையில் வீரம் இருக்கலாம், பதைப்பு இருப்பதற்கில்லை.

ஏன் அப்படியாயிற்று? தமிழ்க் கலைஞரின் கற்பனைக் குறைவு என்று கூறித் தப்பிவிடலாகாது. அன்று படச்சுருள் வெளிநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. போர் முற்றியபோது அது அருமையாயிற்று. உரிமம் வழங்கும் அதிகாரம் அரசின் கையில் இருந்தது. 1943இல் ஒரு படம் 11,000 அடிக்கு மேற்படலாகாது என்ற கட்டுப்பாடு வந்தது. நான்கு மணி நேரம் பாடிக்கொண்டிருந்த தமிழ்ப்படம் ஒரே ஆணையால் வாய் குறுகியது. (அரசின் ஆணைகளால் கலைக்கு நன்மையும் விளைவதுண்டு என்பதற்கு இதனை உதாரணமாகக் காட்டலாம்.) அதே அரசு போர்முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்குமாறும் தயாரிப்பாளரை நெருக்கியது. அந்நெருக்கத்திற் பிறந்தவையே ‘பர்மா ராணி’, கே. சுப்பிரமணியத்தின் ‘மானசம்ரக்ஷணம்’ முதலிய படங்கள்.

கே. சுப்பிரமணியம் யார் என்பதை நினைவுகூர்ந்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். 1939இல் ‘தியாகபூமி’யை எடுத்தவர் அவர். கல்கியின் அக்கதை படத்தின் காட்சிகளோடு ஆனந்த விகடனில் தொடராக வந்தது. காங்கிரஸ் இயக்கத்துக்கும் அரிசன முன்னேற்றத்துக்கும் வெளிப்படையாகக் குரல்கொடுத்த அப்படத்தைப் பிரித்தானிய அரசு பின்னர் தடைசெய்தது. அதில் நடித்த எஸ். டி. சுப்புலட்சுமியே ஆறாண்டுகளின் பின், அதே அரசின் போருக்குத் துணைசெய்யும் ‘மானசம்ரக்ஷண’த்திலும் தலைவியாக நடித்தார். ‘தியாகபூமி’யின் பிரதி புனே திரைப்படக் காப்பகத்தில் இருக்கிறது. ‘மானசம்ரக்ஷணம்’ எம்போன்றோர் பார்க்கக் கிடைப்பதில்லை. அரசு அழிக்க விரும்பியது பிழைத்திருக்க, அரசு விரும்பிக் கேட்டது கைக்கெட்டாது போயிற்று. போர் முடிந்ததும் போர்ப்படத்தை யாரும் தேடவில்லை. பரண்மேல் ஏற்றி வைக்க வேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் எழவுமில்லை. சுப்பிரமணியம் தம் கொள்கையை விற்றார் என்று எழுதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. யப்பானிய இராணுவம் பர்மாவிற் செய்ததும் பொய்யன்று. பர்மாவையும் சீயத்தையும் இணைக்க 1942-43இல் இடப்பட்ட 415 கிலோமீற்றர்ப் புகையிரதப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மடிந்தனர். அவர்களைக் கொன்ற ஆட்சியை எதிர்த்துப் படமெடுப்பதற்குப் பிரித்தானியரின் நெருக்குதல் தேவைப்பட்டிருக்க வேண்டியதில்லை.

ஆனால் இப்படங்களிற் காலடி வைக்க முடியாத ஒருவன் இருக்கிறான். அவனே இந்திய தேசிய இராணுவத்து வீரன். சுபாஷ் சந்திரபோசின் அழைப்பை ஏற்று அவ்விராணுவத்திற் சேர்ந்தோருள் மலாயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர் பெருந்தொகையினர். 1944இல் அவ்விராணுவம் யப்பானியருடன் சேர்ந்து இம்பால் நோக்கி நகர்ந்தது. இந்திய விமானப்படையிலும் இந்தியர், எதிர்ப்புறத்திலும் இந்தியர். உளவுக்கதைக்கு இதைவிட முரண் செறிந்த களம் வேறு கிடைக்குமா? பர்மாக் காட்டில் விழுந்த தமிழ் விமானி, எதிரே துவக்குடன் நிற்கும் தமிழனை எப்படி அடையாளம் காண்பான்? சீருடை பகை, நாக்கு உறவு. பிறெஸ்பேர்கர் தம் கதையிற் பொய்ச்சீருடை ஒன்றைப் புனையவேண்டியிருந்தது. தமிழருக்கோ புனையவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரு சீருடையும் மெய்யாகவே இருந்தன. அவ்வீரனைத் திரையில் நிறுத்துவதற்குப் போர்க்காலத் தணிக்கை இடங்கொடுத்திராது. 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் அவ்விராணுவ அதிகாரிகள் மீதான விசாரணை தொடங்கியபோது நாடே அவர்கள் பக்கம் நின்றது. அதே ஆண்டில் வெளிவந்த போர்ப்படம் அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே பழையதாகிவிட்டது. அதன் இறப்பு சுருள் கெட்டதால் மட்டும் நேர்ந்ததன்று.

யாழ்ப்பாணத்தவருக்கு இப்படங்கள் வெறும் அயல்நாட்டுக் கதையாக இருந்திருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் எம்மவர் நிறைந்திருந்தனர். 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. கடிதமும் காசுக்கட்டளையும் நின்றன. ஏப்பிரல் 5இல் கொழும்பிலும் 9இல் திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. கொழும்பிலிருந்து குடும்பங்கள் ஊருக்குத் திரும்பின. பலாலியில் விமானத்தளம் எழுந்தது. மலாயாவில் உள்ளவர் உயிரோடு இருக்கின்றாரா என்று அறியாமல் மூன்றரை ஆண்டுகள் காத்திருந்த வீடுகள் தீபகற்பத்தின் ஊர்தோறும் இருந்தன.

அத்தகைய வீட்டில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர், எனக்குப் பெரியம்மா முறையானவர், போர்க்காலத்திலோ அதை அடுத்தோ தாம் பார்த்த ஒரு ‘பர்மாப் படத்தை’ப் பற்றி என்னிடம் கூறியதுண்டு. படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. விமானம் விழுந்ததாம், காட்டினூடே புகையிரதம் சென்றதாம், அதிற் கணவன் வேலைபார்த்த நிலையத்தின் பெயர்ப்பலகையைத் தாம் கண்டதாகவும் கூறினார். மலாயாவின் ஒரு சிறிய புகையிரத நிலையம் சேலத்துக் கலையகத்தில் எழுந்திருக்குமா? செய்திப்படம் ஒன்றையும் கதைப்படம் ஒன்றையும் கடிதங்களின் தலைப்பிற் படித்த ஊர்ப்பெயரையும் அவர் நினைவு ஒன்றாகத் தைத்திருக்கிறது. “அந்தப் படத்துக்குள்ளை நான் அவரைத்தான் தேடினனான், மோனை” என்றார். சான்று என்ற வகையில் அவரது கூற்று வள்ளுவரின் சோதனையில் நில்லாது. படத்தைப் பற்றி அது எதையும் நிறுவவில்லை. பார்வையாளரைப் பற்றியோ, நான் கண்ட எந்த மதிப்புரையும் கூறாத ஒன்றைக் கூறுகிறது. தணிக்கை அனுமதியாத ஆளைப் பார்வையாளர் தாமே கொண்டுவந்து திரையில் ஏற்றிக்கொண்டார்.

அவர் பார்த்தது எந்தப் படம், எந்தக் கொட்டகையில், எந்த மாதத்தில் என்று துலக்குவதற்கு முறையான வழி, அக்காலப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டுவதே. பழைய பத்திரிகைத் தொகுதிகளை வைத்திருந்த யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981 மே 31 நள்ளிரவை ஒட்டி எரிக்கப்பட்டது. 97,000 நூல்கள் அழிந்தன என்பர். ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் அதே நாட்களில் எரியுண்டது. இரண்டாண்டுகளின் பின், 1983 யூலையில், கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா கலையகம் எரிக்கப்பட்டபோது இலங்கைப் படங்கள் பலவற்றின் மூலச்சுருள்கள் போயின. படமும் போய், படம் வந்ததற்கான சான்றும் போன நிலை எம்முடையது. பிரித்தானியர் 75 படங்களைப் பட்டியலிட்டுத் தேடுகின்றனர். பட்டியலிடும் அளவுக்கேனும் எதை இழந்தோம் என்று அவர்கள் அறிவார்கள்.

இத்தகைய நிலையில் இழந்தது யாவும் பொன் என்று பேசும் பழக்கம் எம்மிடம் வேரூன்றிவிட்டது. கடல்கொண்ட நூல்களுக்கு உரைகாரர் தந்த பட்டியலில் தொடங்கி, எரியுண்ட நூலகம் வரை, இல்லாத பொருளைக் குறைகூறுவது பாவம் எனக் கருதுகிறோம். எனக்கு இது உடன்பாடன்று. ‘ஸ்குவாட்றன் லீடர் எக்ஸ்’ கிடைத்தால் அதன் பிற்பாதி சாதாரணமான துரத்தலாக இருக்கக்கூடும். ‘மானசம்ரக்ஷணம்’ கிடைத்தால் ‘தியாகபூமி’க்கு அருகில் வைக்கத்தக்கதாக இராதெனவே எதிர்பார்க்கிறேன். மறைந்த படத்துக்குச் செய்யக்கூடிய மரியாதை, இருக்கும் படத்தைப் போலவே அதனுடனும் வழக்காடுவதுதான்.

நூலகம் எரிந்த அதே 1981இல், கார்ல் டிறையர் எடுத்த ‘ஜோன் ஒஃப் ஆர்க்’ மௌனப்படத்தின் மூல வடிவம், நோர்வேயில் மனநோய் மருத்துவமனை ஒன்றின் அலுமாரியில் அகப்பட்டது. ஆகையால் ‘ஸ்குவாட்றன் லீடர் எக்ஸ்’ எங்கேனும் ஒரு தகரப்பெட்டியில் இருக்கக்கூடும். அது வெளிவரும் நாளில் நான் முதலிற் பார்க்க விரும்புவது ஒன்றே: தன்னை ஒளித்துவைத்த பெல்ஜியரின் முகத்தைப் போட்மன் நேரே நோக்குகிறாரா, அல்லது வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாரா? நேரே நோக்கினால், மேலே பிறெஸ்பேர்கரைப் பற்றி நான் எழுதியவற்றிற் பாதியை அழித்துவிட்டு மீண்டும் எழுதவேண்டிவரும். அதுவரை, பெரியம்மாவின் தகரப்பெட்டியில் நான் கண்டெடுத்த, அட்டை இல்லாத, படப்பெயர் கிழிந்துபோன பாட்டுப் புத்தகம் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. அதன் கதைச்சுருக்கத்திலும் ஒருவன் இரவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுகிறான், எஞ்சியது திரையில்.